செம்மண் ரோடும் ஆதிக்குடித் தொழிலாளரும்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆஸ்திரேலியா என்றால் நம்மில் பலருக்குக் கிரிக்கெட்டும் கம்பளியும் கோதுமையும் நினைவுக்கு வரும். அந்த நாட்டின் நடுவே, பாலைவனத்தின் ஊடே, சில ரோடுகள் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. அந்த ரோட்டு வேலையைப் பற்றியும், அந்த ரோட்டோரத்து ஆதிக்குடி மக்களைப் பற்றியும் இன்று நாம் பேசப் போகிறோம்.

எங்கோ கிடக்கும் ரோட்டைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஒரு ரோடு யார் நிலத்தில் போடப்படுகிறது? யார் கையால் போடப்படுகிறது? அந்தக் கைக்கு என்ன கூலி? ரோடு முடிந்து காண்டிராக்டர் மூட்டை கட்டிய பிறகு அந்தக் கையில் என்ன மிஞ்சுகிறது? இந்தக் கேள்விகள் எந்த நாட்டிலும் தொழிலாளியின் கேள்விகளே. ஆகவே நமது கேள்விகள்.

மழை வந்தால் மூடும் பாதை

மேற்கு ஆஸ்திரேலியாவில் லாவர்ட்டன் என்று ஒரு சிற்றூர். தங்கச் சுரங்கப் பிரதேசத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து கிழக்கே, உளூரு என்னும் பெரிய செம்பாறை நிற்கும் இடம் வரையில் 'கிரேட் சென்ட்ரல் ரோடு' என்ற பாதை போகிறது. அதன் நீளம் 1100 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய், மறுபடியும் திருச்சி வரை திரும்பி வருகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதையின் பெரும்பகுதி ஙான்யட்ஜாரா மக்களின் நிலத்தின் வழியே போகிறது. வார்பர்ட்டன், வாரகூர்னா முதலியவை அவர்களுடைய ஊர்கள். லாவர்ட்டனிலிருந்து வார்பர்ட்டன் போய்ச் சேர 550 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். நெடுங்காலமாக அது செம்மண்ணும் சரளையும் கொட்டிய பாதை. பார லாரிகள் ஓட ஓட, உழவுச் சால் போட்டதுபோல் பாதையின் குறுக்கே வரிவரியாக மண் எழும்பிவிடும். பெருமழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள். அப்போது கடைக்கு மாவு வராது. வண்டிக்கு டீசல் வராது. வியாதிக்காரரை ஆகாய விமானம் வந்துதான் தூக்கிச் செல்ல வேண்டும்.

இந்த ரோடு, குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள விண்டன் வரை செல்லும் சுமார் 2700 கிலோமீட்டர் நெடும்பாதையின் ஒரு பகுதி. இதற்குக் கட்டங்கட்டமாகத் தார் போடுகிறார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை சுமார் 1000 கிலோமீட்டர் செல்லும் தனாமி ரோட்டிலும் இதே வேலை நடந்து வருகிறது.

ரோடு வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அங்குள்ள ஜனங்களுக்கு நல்ல ரோடு வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கு வேண்டும், கிழவருக்கு வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு வேண்டும். நம் கேள்வி வேறு. அந்த ரோட்டை அவர்களே போட முடியுமா? போடும்போது அவர்கள் தொழிலாளியாக நிற்பார்களா, அல்லது வேடிக்கை பார்க்கும் ஏழைகளாக நிற்பார்களா?

குண்டுக்கு ஒரு ரோடு, மாட்டுக்கு ஒரு ரோடு

இதற்குப் பதில் தேட, முதலில் அந்தப் பாலைவனத்துக்கு ரோடு எதற்காக வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஆதிக்குடி மக்கள் அந்த மண்ணில் 50,000 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகிறார்கள். தண்ணீர் எங்கே ஊறும், எந்தப் பள்ளத்தில் மழைக்குப் பின் இரை கிடைக்கும் என்றறிந்து, ஊற்றுக்கு ஊற்று நடந்த நடைபாதைகள் அவர்களுக்கு இருந்தன. வெள்ளை ஏகாதிபத்தியம் 1788-ல் சிட்னியில் காலடி வைத்தது. அந்த நடுப் பாலைவனம் வெகுகாலம் வரையில் முதலாளிகளின் கண்ணில் படவில்லை. லாபம் இல்லாத இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை?

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் நிலைமை மாறியது. பிரிட்டிஷ் சர்க்காருக்கு ராக்கெட்டும் அணுகுண்டும் வெடித்துப் பார்க்க ஓர் இடம் தேவைப்பட்டது. ஆஸ்திரேலியப் பாலைவனம் 'காலி இடம்' என்று காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். 1947-ல் வூமெரா ராக்கெட் தளம் எழுந்தது. 1953-ல் எமு ஃபீல்டு என்ற இடத்தில் இரண்டு அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டன. 1956, 1957 ஆண்டுகளில் மாராலிங்காவில் ஏழு குண்டுகள் வெடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த மக்கள் தங்கள் நிலத்தை விட்டு அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

இந்தச் சோதனைகளுக்காகவே பாலைவனத்தில் புல்டோசர் இறங்கியது. லென் பீடெல் என்ற நில அளவையாளரின் தலைமையில் ஒரு சிறு கோஷ்டி, 1963 வரையில் சுமார் 6000 கிலோமீட்டர் பாதைகளை வெட்டித் திறந்தது. அவற்றில் பெயர் பெற்ற 'கன்பேரல்' நெடும்பாதை 1958-ல் முடிந்தது. வாரகூர்னாவுக்கு அருகே இன்றும் இருக்கும் ஜைல்ஸ் வானிலை நிலையம்கூட, 1956-ல் அந்தச் சோதனைகளின் தேவைக்காக எழுப்பப்பட்டதுதான். அந்தச் சில ஆட்களின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. வெயிலில் வெந்து வேலை செய்த தொழிலாளர்கள் அவர்கள். ஆனால் ரோடு எதற்கு என்று தீர்மானித்தவன் வேறு. அந்த மண்ணின் மக்களை யாரும் கேட்கவில்லை.

1960-களில் வடக்கே இன்னொரு ரோடு வந்தது. அதற்கு 'மாட்டிறைச்சி ரோடு' என்றே பெயர். பண்ணை மாடுகளை லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்கும் கசாப்புச் சாலைக்கும் கொண்டு போவதற்காக மத்திய சர்க்கார் பணம் கொடுத்துப் போட்ட ரோடுகள் இவை. அதுவரையில் மாட்டு மந்தைகளைக் குதிரை மேலிருந்து மாதக்கணக்கில் ஓட்டிச் சென்றவர்களில் மிகப் பலர் ஆதிக்குடித் தொழிலாளர்கள். இரண்டு மூன்று பெட்டிகளை இழுத்துச் செல்லும் பெரிய லாரி வந்ததும் மந்தையோட்டியின் வேலை போயிற்று. மாட்டுக்கு ரோடு கிடைத்தது. மாட்டை மேய்த்தவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

கூலி கேட்டவர்களின் சரித்திரம்

அந்தப் பண்ணைகளில் அவர்களுக்கு என்ன கூலி தெரியுமா? பல இடங்களில் கூலியே கிடையாது. மாவு, சர்க்கரை, தேயிலை, கொஞ்சம் மாட்டிறைச்சி, ஒரு துண்டு புகையிலை. பணமாகக் கொடுத்த இடத்திலும், அதில் பெரும்பகுதியை 'பாதுகாப்பாக வைக்கிறோம்' என்று சர்க்கார் அதிகாரிகள் பிடித்து வைத்தார்கள். அந்தப் பணம் உழைத்தவன் கைக்கு வரவேயில்லை. தாத்தாவின் கூலிக்குப் பேரப்பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. 2019-ல் குவீன்ஸ்லாந்து சர்க்கார் 19 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2023-ல் மேற்கு ஆஸ்திரேலியா 18 கோடி டாலர் வரை தருவதாக ஒப்புக்கொண்டது. 2024-ல் வடக்குப் பிரதேச வழக்கில் 20 கோடி டாலர் வரை தர மத்திய சர்க்கார் இணங்கியது. உழைத்தவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள்.

அவர்கள் வாய் மூடி இருந்துவிடவில்லை, தோழர்களே. மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பாரா என்ற ஆட்டுப் பண்ணைப் பிரதேசத்தில், யுத்தத்தின் நடுவே, 1942-ல், பல மொழி பேசும் ஆதிக்குடித் தலைவர்கள் ஓரிடத்தில் கூடி வாரக்கணக்கில் யோசித்தார்கள். யுத்தம் முடியட்டும், பிறகு வேலை நிறுத்தம் என்று முடிவு செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான மைல் தள்ளித் தள்ளி இருந்தார்கள். அவர்களுக்கு நாள் குறித்துக் கொடுப்பது எப்படி? நாட்களை அடையாளமிட்ட தாள்கள் பண்ணை பண்ணையாகக் கொண்டு செல்லப்பட்டன. நாளுக்கு ஒன்றாக அடித்துக்கொண்டே வந்தால் வேலை நிறுத்த நாள் வந்துவிடும். அந்த நாள் எது? 1946-ம் ஆண்டு மே மாதம் முதல் தேதி!

அன்று சுமார் 800 பேர் பண்ணைகளை விட்டு வெளியேறினார்கள். டூலி பின்பின், கிளான்சி மெக்கென்னா என்ற ஆதிக்குடித் தலைவர்களும், அவர்களுக்குத் துணை நின்ற டான் மெக்லியாட் என்ற வெள்ளைத் தொழிலாளியும் சிறைக்குப் போனார்கள். போராட்டம் மூன்று ஆண்டுகள் நீடித்தது. 1949-ல் மாலுமிகள் சங்கம் ஒரு முடிவெடுத்தது: வேலை நிறுத்தம் நடக்கும் பண்ணைகளின் கம்பளியைக் கப்பலில் ஏற்றுவதில்லை என்று. அதன் பிறகுதான் சர்க்கார் பேச்சுக்கு இறங்கி வந்தது. கொடுத்த வாக்கைப் பின்னால் மறுக்கவும் செய்தது. ஆனால் வெளியே வந்தவர்களில் பலர் பழைய எஜமானிடம் திரும்பிப் போகவேயில்லை. தாங்களே கூட்டாகத் தாதுப்பொருள் தோண்டி விற்றுப் பிழைத்தார்கள்.

இருபது ஆண்டு கழித்து, 1966 ஆகஸ்டு 23-ல், வடக்குப் பிரதேசத்தின் வேவ் ஹில் பண்ணையிலிருந்து குரிண்ட்ஜி மக்கள் சுமார் 200 பேர், வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் வெளியேறினார்கள். பண்ணை, வெஸ்டி என்ற பிரிட்டிஷ் இறைச்சி முதலாளிகளுடையது. டார்வின் துறைமுகத் தொழிலாளர்கள் லாரியில் உணவு ஏற்றி அனுப்பினார்கள். கம்யூனிஸ்ட் எழுத்தாளர் ஃபிராங்க் ஹார்டி நாடெங்கும் அவர்களுடைய குரலை எடுத்துச் சென்றார். கூலிக் கோரிக்கையாகத் தொடங்கியது நிலக் கோரிக்கையாக வளர்ந்தது. 1975 ஆகஸ்டு 16-ல் பிரதமர் விட்லம் நேரில் வந்து லிங்கியாரியின் கையில் மண்ணை அள்ளிப் போட்டார். 3200 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம் திரும்பக் கிடைத்தது. ஒன்பது ஆண்டுப் போராட்டத்தின் பலன் அது!

சம கூலி வந்தது, வேலை போயிற்று

வேவ் ஹில் போராட்டத்துக்குச் சில மாதம் முன்பே, 1966 மார்ச்சில், தொழில் நியாய மன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது: வடக்குப் பிரதேசப் பண்ணைகளில் ஆதிக்குடித் தொழிலாளருக்கும் வெள்ளைத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலியே கொடுக்க வேண்டும் என்று. நல்ல தீர்ப்புதான். ஆனால் முதலாளிகள் தயாராகிக்கொள்ள 1968 டிசம்பர் வரை அவகாசம்! அந்த அவகாசத்தை அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள்? வேலி போட்டார்கள், லாரி வாங்கினார்கள், ஹெலிகாப்டர் கொண்டு மாடு ஓட்டக் கற்றார்கள். தலைமுறை தலைமுறையாகச் சோற்றுக்கு உழைத்த குடும்பங்களைப் பண்ணையை விட்டு வெளியேற்றினார்கள். அவர்கள் சிற்றூர்களின் ஓரத்தில் தகரக் கொட்டகையிலும் மரத்தடியிலும் வந்து விழுந்தார்கள்.

சம கூலிச் சட்டத்தின் குற்றம் என்று முதலாளிப் பத்திரிகைகள் எழுதின. கூலி கேட்டதால் வேலை போயிற்றாம்! நாம் அப்படிச் சொல்லமாட்டோம். மலிவான உழைப்பு இருக்கும்வரை வைத்துக்கொண்டு, நியாயக் கூலி என்றதும் தூக்கி எறிந்தவனுடைய குற்றம் அது. மாற்று வேலை ஏற்பாடு செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்த சர்க்காரின் குற்றம் அது.

1977-ல் சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வேலையில்லா உதவித் தொகையை ஊர்ச் சபையிடம் மொத்தமாகக் கொடுப்பது, ஊர்ச் சபை அதைக் கூலியாக வைத்து ஊர் வேலைகளை நடத்துவது என்பது ஏற்பாடு. குறைகள் இருந்தாலும் ரோடு செப்பனிடுவது, வீடு பழுது பார்ப்பது, குப்பை அள்ளுவது எல்லாம் ஊர்க்காரர் கையால், ஊர்ச் சபையின் முடிவுப்படி நடந்தன. பிற்கால சர்க்கார்கள் அதைப் படிப்படியாகக் கலைத்தன. 2015-ல் வந்த புதுத் திட்டத்தில், தொலைதூர ஊர்களில் வேலையில்லாதவர் வாரம் ஐந்து நாள், 25 மணி நேரம் ஏதாவது வேலை செய்தாக வேண்டும். அப்போதுதான் உதவித் தொகை. வராத நாளுக்குத் தொகை வெட்டு. நகரத்து வேலையில்லாதவருக்கு இருந்ததைவிடக் கடுமையான விதி! அந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆதிக்குடி மக்கள். செய்வது வேலை; ஆனால் அது 'வேலை' ஆகாதாம். கூலி விகிதம் இல்லை, ஓய்வுகாலச் சேமிப்பு இல்லை, ஊழியருக்கு உள்ள பாதுகாப்பு இல்லை.

2017-ல் ஆஸ்திரேலியத் தொழிற்சங்கங்களின் மைய அமைப்பு, இவர்களுக்கென்று ஆதிக்குடித் தொழிலாளர் கூட்டணி ஒன்றைத் தொடங்கியது. நாம் முதலில் சொன்ன ரோட்டோரத்து ஙான்யட்ஜாரா மக்கள், இது இன வேற்றுமை என்று சர்க்கார் மீதே வழக்குத் தொடர்ந்தார்கள். 2021-ல் கட்டாய வேலை விதி கைவிடப்பட்டது. அந்தத் திட்டத்துக்குப் பதிலாக, கூலியுடன் கூடிய 3000 வேலைகளை முதலில் உண்டாக்கப் போவதாக 2024-ல் சர்க்கார் அறிவித்தது. போராடாமல் இது வரவில்லை என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இன்றைய காண்டிராக்டுகள்

இனி இன்றைய ரோட்டு வேலைக்கு வருவோம்.

2015 ஜூலை முதல் ஆஸ்திரேலிய மத்திய சர்க்காரில் ஒரு விதி இருக்கிறது. சர்க்கார் காண்டிராக்டுகளில் ஒரு பங்கு ஆதிக்குடி நிறுவனங்களுக்குப் போக வேண்டும். கட்டிட வேலை போன்ற தொழில்களில் 75 லட்சம் டாலருக்கு மேற்பட்ட காண்டிராக்டு எடுப்பவர், ஒரு குறைந்தபட்ச அளவு ஆதிக்குடித் தொழிலாளரை வேலைக்கு வைக்க வேண்டும், அல்லது ஆதிக்குடி நிறுவனங்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். மாநில சர்க்கார்களும் தங்கள் ரோட்டு வேலைகளில் இப்படிப்பட்ட நிபந்தனைகளை வைக்கின்றன.

இதனால் நன்மை இல்லாமல் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் புரூம் என்ற துறைமுக ஊரிலிருந்து வடக்கே, டாம்பியர் தீபகற்பத்தின் முனை வரையில் சுமார் 200 கிலோமீட்டர் ரோடு. வழியிலும் முனையிலும் பீகிள் பே, ஜாரிஞ்சின், லொம்படீனா, ஆர்டியலூன் என்ற ஆதிக்குடி ஊர்கள். இந்த ரோட்டில் சுமார் 90 கிலோமீட்டர் செம்மண்ணாகவே கிடந்தது. மழைக்காலத்தில் சேறு, வெயில்காலத்தில் குழியும் வரியும். அதை மேடுயர்த்தித் தார் போட்டு 2020 இறுதியில் முடித்தார்கள். அந்தப் பகுதி ஆதிக்குடித் தொழிலாளருக்குப் பயிற்சியும் வேலையும் கொடுப்பதை அந்தத் திட்டத்தின் குறிக்கோள்களில் ஒன்றாகவே வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட வேலையை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்து நாம் கைதட்ட முடியாது. ஏன்?

ஒன்று: கணக்கு எழுதுவது மணி நேரத்தில். கிரேடர் யந்திரத்தை ஓட்டி ரோட்டுக்கு நடுவில் மேடும் இரு ஓரத்தில் சரிவும் எடுத்துவிட்ட ஒரு மணியும் கணக்கில் ஒரு மணி. வெயிலில் நின்று வண்டிகளுக்கு 'நில், மெதுவாகப் போ' என்று பலகை காட்டிய ஒரு மணியும் கணக்கில் ஒரு மணி. முதல் வேலை செய்தவன் கையில் ஒரு தொழில் இருக்கிறது. நாளை எந்த ஊரிலும் அவனுக்குச் சோறு உண்டு. இரண்டாமவன் கையில் இருப்பது பலகை. ரோடு முடிந்ததும் அதையும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டு: போலி நிறுவனம். ஆதிக்குடி மனிதர் ஒருவரை முன்னால் நிறுத்தி, பின்னாலிருந்து பழைய முதலாளியே காண்டிராக்டு எடுக்கிற தில்லுமுல்லு அங்கே பெரிய பிரச்னையாக இருக்கிறது. பெயரில் ஒருவர், லாபத்தில் ஒருவர். பினாமி என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்று: டிரைவிங் லைசென்ஸ். ரோட்டு வேலைக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வாங்கப் பிறப்புச் சான்று வேண்டும், ஆங்கிலத்தில் பரீட்சை எழுத வேண்டும், பழக்கிவிட லைசென்ஸ் உள்ளவரும் நல்ல காரும் வேண்டும், பரீட்சை வைக்கும் அதிகாரி ஊருக்கு வர வேண்டும். தொலைதூர ஊர்களில் இவை ஒவ்வொன்றும் மலை. லைசென்ஸ் இல்லாமல் அவசரத்துக்கு ஓட்டினால் அபராதம். அபராதம் கட்டாவிட்டால் லைசென்ஸ் வாங்கவே தடை. மறுபடி ஓட்டினால் சிறை. அந்த ரோட்டோரத்தில் பிறந்தவன் அந்த ரோட்டில் வண்டி ஓட்ட முடியாது, அந்த ரோட்டைப் போடவும் முடியாது! டெண்டர் திறந்தபின் ஆள் தேடினால் 'தகுதியுள்ள ஆள் இல்லை' என்றுதான் பதில் வரும்.

நான்கு: ரோடு ஒரு நாள் முடியும். வடக்கே மழைக்காலத்தில் மாதக்கணக்கில் வேலை நிற்கும். காண்டிராக்டர் முகாமைக் கலைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். ஊர்க்காரன் அங்கேயே இருப்பான்.

'அவர்கள் ஒழுங்காக வரமாட்டார்கள்'

முதலாளிகளிடம் ஒரு வாதம் உண்டு. ஆதிக்குடித் தொழிலாளர் நான்கு நாள் வருவார்கள், ஐந்தாம் நாள் வரமாட்டார்கள் என்பது அது. 1966-ல் சம கூலியை எதிர்த்தபோதும் இதைத்தான் சொன்னார்கள்: 'மெதுவாக வேலை செய்கிறவர்கள்' என்று. இந்த வாதம் நமக்குப் புதிதா? எல்லா நாட்டு முதலாளியும் எல்லா நாட்டு ஏழையைப் பற்றியும் சொன்ன வாதம் இது.

சிரமங்கள் உண்டு, அவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஊரில் சாவு நிகழ்ந்தால் சொந்தபந்தம் எல்லாம் போயாக வேண்டும். சடங்கு முடிய நாட்கள் ஆகும். ஒரே வீட்டில் மூன்று குடும்பம் இருந்தால் இரவு தூக்கம் ஏது? நோயும் உண்டு. இதற்கு வழி என்ன? ஓர் இடத்துக்கு இரண்டு மூன்று பேரைப் பழக்கி, மாற்றி மாற்றி அனுப்புவது. சாவுச் சடங்குக்கு விடுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது. பெரியவர் ஒருவரைத் துணை மேற்பார்வையாளராக வைப்பது. இவற்றுக்கு ஆகும் செலவு, தொலைவிலிருந்து ஆகாய விமானத்தில் ஆளைக் கொண்டுவந்து, முகாம் போட்டு, சாப்பாடு போட்டு, சில வாரத்துக்கு ஒருமுறை திருப்பி அனுப்பும் செலவுக்கு முன் பெரிதா?

விமானத்தில் வரும் அந்தத் தொழிலாளியும் நம் தோழன்தான். வீடு வாசலைப் பிரிந்து உழைக்கிறவன். அவனையும் உள்ளூர்க்காரனையும் மோதவிடுவது முதலாளியின் சூழ்ச்சி. வந்தவன் தன் தொழிலைக் கற்றுக்கொடுக்கட்டும். இருப்பவன் தன் மண்ணைக் கற்றுக்கொடுக்கட்டும். மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் பாயும், எங்கே குழாய்ப் பாலம் வைக்காவிட்டால் ரோடு அறுத்துக்கொண்டு போகும் என்று ஊர்ப் பெரியவருக்குத் தெரியும். அந்த அறிவுக்கும் கூலி கொடுக்க வேண்டும்.

என்ன கோர வேண்டும்?

இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் கண்ட கோரிக்கைகள் இவை.

முதலாவது, முழுக் கூலி. ரோட்டில் வைக்கும் ஒவ்வொரு கைக்கும் சங்க ஒப்பந்தக் கூலி. உதவித் தொகைக்கு உழைப்பு என்ற பெயரில் ஒரு மண்வெட்டி மண்கூட அள்ளக் கூடாது.

இரண்டாவது, டெண்டருக்கு முன்பே பயிற்சி. லைசென்ஸும் யந்திரம் ஓட்டும் சான்றும் ஓராண்டு முன்னதாகவே ஊரிலேயே வாங்கிக் கொடுக்க வேண்டும். அதற்குரிய பணம் ரோட்டுச் செலவிலேயே சேர வேண்டும்.

மூன்றாவது, மணி நேரக் கணக்கு போதாது. எத்தனை பேர் கிரேடர் ஓட்டினார்கள், எத்தனை பேர் ரோலர் ஓட்டினார்கள், எத்தனை பேர் மேஸ்திரி ஆனார்கள், எத்தனை பேர் பலகை பிடித்தார்கள் என்று தரவாரியாகக் கணக்கு எழுத வேண்டும். அதை ஊர்ச் சபையும் சங்கமும் பார்க்க வேண்டும்.

நான்காவது, மண்ணின் மீது சொல்லுரிமை. ரோடு என்றால் ரோடு மட்டும் இல்லை; சரளை தோண்டும் குழி உண்டு, தண்ணீர் எடுக்கும் ஆழ்துளைக் கிணறு உண்டு, முகாம் உண்டு. எங்கே தோண்டலாம், எந்த இடம் புனிதமானது என்று புல்டோசருக்கு முன்னால் நடந்து காட்டுகிறவர் அந்த மண்ணின் மக்களாக இருக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் புல்டோசர் நிற்க வேண்டும். 2020 மே மாதத்தில் பில்பாராவின் ஜூக்கன் மலையிடுக்கில், 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கிய குகையை ரியோ டிண்டோ என்ற சுரங்கக் கம்பெனி இரும்புத் தாதுக்காக வெடி வைத்துத் தகர்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் விக்டோரியா மாநிலத்தில், நெடுஞ்சாலையை அகலப்படுத்த, ஜாப் உரங் மக்களில் பலர் புனிதமாக மதித்துக் காத்து நின்ற ஒரு மரம் வெட்டி வீழ்த்தப்பட்டது. தார் ரோடு வந்தால் சுற்றுலாக் கார்களும் வரிசையாக வரும். எந்த இடத்துக்கு வரலாம், எந்த இடத்துக்கு வரக் கூடாது என்று சொல்லும் அதிகாரமும் ஊருக்கு வேண்டும். ஆதிக்குடி மக்களுக்குப் பார்லிமெண்டுக்கு ஆலோசனை கூறும் ஒரு குரல் கொடுக்கும் யோசனை 2023 அக்டோபர் 14-ல் நடந்த வாக்கெடுப்பில் தோற்றுப் போயிற்று. அப்படியிருக்க, ரோட்டோரத்திலாவது அந்தக் குரலுக்குச் சக்தி வேண்டாமா?

ஐந்தாவது, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: பராமரிப்பு வேலை. ரோடு போடும் வேலை இரண்டு மூன்று ஆண்டில் முடியும். ரோட்டைக் காக்கும் வேலை முடிவதேயில்லை. தார் போட்ட பிறகும் ஓர மண்ணைச் சீர்செய்ய வேண்டும், வெள்ளம் அரித்த இடத்தை அடைக்க வேண்டும், குழாய்ப் பாலத்தில் அடைத்த மண்ணை எடுக்க வேண்டும், புல்லை வெட்ட வேண்டும், கிளை ரோடுகளில் ஆண்டுதோறும் கிரேடர் ஓட்ட வேண்டும். இந்த வேலையை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கம்பெனிக்கு ஏன் கொடுக்க வேண்டும்? ஊர்ச் சபைக்கு யந்திரமும் நிரந்தர நிதியும் கொடுத்து ஒப்படைக்க வேண்டும். அப்போது ரோடு போடும்போது கற்ற தொழில் வீணாகாது. இன்று பழகிய பையன் நாளை தம்பியைப் பழக்குவான். காண்டிராக்டர் போன பிறகு கிரேடரின் ஆசனத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் இந்தத் திட்டங்களுக்கெல்லாம் சரியான உரைகல்!

நமக்கு உள்ள பாடம்

தோழர்களே! 1946-ல் மே தினத்தைத் தேர்ந்தெடுத்த பில்பாராத் தொழிலாளர்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, பத்திரிகை கிடையாது, ரோடும் சரியாகக் கிடையாது. நாட்களைக் குறித்த ஒரு துண்டுத் தாளை நம்பி 800 பேர் ஒரே நாளில் எழுந்தார்கள். மாலுமித் தொழிலாளி அவர்களைப் பார்த்ததுகூட இருக்காது. ஆனாலும் அவர்களுக்காகக் கம்பளியைத் தொட மறுத்தான். அந்த ஒற்றுமைதான் மூன்றாண்டு இறுகிக் கிடந்த சர்க்காரை அசைத்தது.

சர்க்கார் விதியால் ஒரு பங்கு வேலை கிடைக்கலாம். அந்த வேலையைத் தொழிலாகவும், தொழிலை உரிமையாகவும் மாற்றுவது சங்கத்தின் வேலை. சங்கம் இல்லாத இடத்தில் விதி காகிதத்தில் இருக்கும், பலகை தொழிலாளியின் கையில் இருக்கும், லாபம் காண்டிராக்டரின் பையில் இருக்கும்.

நம் ஊரில் ஏரி வேலையானாலும் ரோட்டு வேலையானாலும் மில் வேலையானாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: எத்தனை ஆளுக்கு வேலை கொடுத்தாய் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், என்ன கூலி கொடுத்தாய், என்ன தொழில் கற்றுக் கொடுத்தாய், வேலை முடிந்தபின் என்ன மிஞ்சியது என்றும் கேட்க வேண்டும். செம்மண் பாலைவனத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆதிக்குடித் தொழிலாளருக்கு நமது வாழ்த்துக்களை அனுப்புவோம். அவர்கள் போடும் ரோடு அவர்களுடைய ரோடாக இருக்கட்டும்!

உலகத் தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!